ஆமாம் ஆமாம் என்று ஆடிய தலை

உகே மாதப்பா! இப்படிப் போற்றி மலைமேல் இருக்கும் மாதப்பசாமியைக் கும்பிடும் என் சொந்தங்களே, என் வயிற்றெரிச்சலையும் சேர்த்துத்தான் இதைச் சொல்லப்போகிறேன். அதை விட்டுவிட்டுச் சொன்னால் பாதிதான் உண்மை.

தொண்ணூற்றெட்டாம் வருஷம் சிவராத்திரி முடிந்த சமயம். ஏழு வயது நிறைந்த என் மகள் ஜோதியின் தலை ஆட ஆரம்பித்தது. ஆமாம் ஆமாம் என்று சொல்வது போல முன்னும் பின்னும் நிற்காமல் ஆடியது.

எங்கள் சொந்த ஊர் மலைக்குப் போகும் வழியில் ஹனூர்ப் பக்கம். என் வீட்டுக்காரருக்கு மைசூர் ஹெப்பாளில் பேக்டரி வேலை. அங்கே ஒரே வீட்டின் இரண்டு பாகத்தில் நாங்களும் என் கொழுந்தன் குடும்பமும் குடியிருந்தோம். கொழுந்தன் மனைவி சரசு. அவளுக்கு இரண்டும் ஆண் பிள்ளைகள். கன்னடம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. நான் வைத்த கறிவேப்பிலை பட்டுப்போகும், அவள் வைத்தது சுவருக்கு மேல் வளரும். என் மாமியார் ஊரிலிருந்து வந்தால் முதலில் அவள் வாசலில்தான் செருப்பைக் கழற்றுவார். எனக்கு எரியாதா?

"உங்க புள்ள மேல மாதப்பன் வந்திருக்கான்" என்று பக்கத்து வீட்டம்மா சொன்னதும் நம்பிவிட்டேன். சரசுவிடம் இல்லாத ஒன்று கடைசியில் என் வீட்டுக்கு வந்துவிட்டதே! ஜோதிக்கு மஞ்சள் பாவாடை கட்டி, விபூதித் தட்டோடு உட்கார வைத்தேன். தெருச் சனம் வந்து வாக்குக் கேட்டது. என் மகளுக்குக் கல்யாணம் கூடுமா என்றாள் ஒருத்தி. தலை ஆமாம் என்றது. வேலை நிரந்தரமாகுமா? அதற்கும் ஆமாம். சரசு மட்டும் வந்து கும்பிடவே இல்லை. இப்போது அவளுக்கு எரிகிறது என்று எனக்கு உள்ளூரக் குளிர்ந்தது.

காலையில் எழுந்தால் ஜோதி வாந்தி எடுத்தாள். தலை வலிக்கிறது என்று சுருண்டு கிடந்தாள். ஒரு நாள் சரசு வந்தாள்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. இது சாமி இல்லீங்க. தூங்கறப்போ தலை ஆடறதே இல்ல. நேத்து டம்ளரை நீட்டுனா, புள்ள பக்கத்துல தடவுறா. ஆஸ்பத்திரிக்குப் போலாமுங்க."

"உம் புள்ளைங்க மேல சாமி வரலைன்னு எரியுதுன்னு சொல்லு" என்றேன். அவள் திரும்பிப் போய்விட்டாள்.

இரண்டொரு நாள் கழித்து ஜோதி நிலைப்படியில் முட்டிக்கொண்டு விழுந்தாள். ஓடிப்போய் அவள் எதிரில் உட்கார்ந்தேன். "அம்மா, நீ எங்கம்மா இருக்கற?" என்று கேட்டாள். எனக்கு உயிரே போய்விட்டது. கற்பூரம் ஏற்றிக் கதறினேன். மாதப்பா, இது நீயா, நோயா? ஒரு வார்த்தை சொல்லு.

கற்பூரம் அணைவதற்குள் சரசு வந்து நின்றாள். "ஆட்டோ நிக்குதுங்க அக்கா. புள்ளையத் தூக்குங்க."

பதில் சொல்ல மாதப்பனுக்கு வேறு வாயே கிடைக்கவில்லையா என்று அந்த நேரத்திலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறினேன்.

ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு எங்களைப் பெங்களூருக்கு அனுப்பினார்கள். அங்கே டாக்டர் கன்னடத்தில் சொன்னதையெல்லாம் கூட வந்த சரசுதான் எனக்குத் தமிழில் சொன்னாள். மூளைக்கு நடுவில் நீர்க்கட்டியாம். அது அழுத்துவதால்தான் தலை ஆடுகிறது, பார்வை மங்குகிறது, விட்டால் உயிருக்கே ஆபத்து என்றார் டாக்டர். மண்டையைப் பெரிதாகத் திறக்க வேண்டாம், சின்னத் துளை போட்டு, கேமரா வைத்த மெல்லிய குழாயை உள்ளே விட்டு, கட்டியில் வழி திறந்துவிட்டால் நீர் வடிந்துவிடும் என்றார். "ஹெதர்பேடி அம்மா" என்று என்னைத் தட்டிக்கொடுத்தார். பயப்படாதீர்கள் என்று சரசு அதையும் தமிழில் சொன்னாள். அது எனக்கே தெரியும்!

ஆபரேஷன் நடக்கும்போது சரசு கண்ணை மூடி வேண்டிக்கொண்டிருந்தாள். அவள் வேண்டித்தான் பிழைத்தது என்று ஆகிவிடக் கூடாதே என்று நானும் அவசர அவசரமாக வேண்டினேன். மாதப்பா, முதலில் என்னுடையதைக் கேள். நான் பெற்றவள்.

ஜோதி பிழைத்தாள். ஐசியுவில் பார்த்தபோது தலை இன்னும் லேசாக ஆடியது. வார்டுக்கு வந்த பிறகு ஒரு காலையில் ஆட்டம் நின்றிருந்தது. இட்லியைப் பிட்டு, "அம்மா ஊட்டட்டுமா கண்ணு?" என்றேன். அவள் என் முகத்தை நேராகப் பார்த்தாள். தலையை இடமும் வலமும் அசைத்தாள்.

"வேண்டாம். சித்தி ஊட்டட்டும்."

அத்தனை நாளில் அந்தத் தலை வேண்டாம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. சந்தோஷமும் பொறாமையும் சேர்ந்து எனக்கு அப்படி ஒரு அழுகை வந்தது. தட்டைச் சரசுவிடம் கொடுத்தேன்.

ஜோதி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். வருஷா வருஷம் இரண்டு குடும்பமும் கொள்ளேகால் வழியாக ஒரே பஸ்ஸில் மலைக்குப் போய் வருகிறோம். சரசுவின் கறிவேப்பிலையைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரியத்தான் செய்கிறது. மாதப்பனிடமே அதைச் சொல்லிவிட்டேன். சொந்தங்களே, பிள்ளைக்கு ஏதாவது என்றால் டாக்டரிடம் காட்டுங்கள், மாதப்பன் கோவித்துக்கொள்ள மாட்டான். அழுது கேளுங்கள், நிச்சயம் பதில் சொல்வான். யார் வாயால் சொல்வான் என்பதை மட்டும் அவனிடமே விட்டுவிடுங்கள்.