மேங் தால்சுவுக்கு எழுபது காற்று

எங்கள் காற்றுக் குழலில் பறக்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு காற்று உண்டு. கண்ணாடிச் சுவருக்குள், கீழிருந்து மேலே வீசும் காற்றில் குப்புறப் படுத்து மிதக்கும் ஆளை ஏறவும் விடாமல் இறங்கவும் விடாமல் நெஞ்சு உயரத்தில் நிறுத்தி வைக்கிற அளவு அது; விசைப் பலகையின் முள் நூற்றுக்கு இத்தனை என்று காட்டும். விசையைப் பிடிப்பது என் வேலை. அதனால் ஆளைப் பார்த்ததும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது பெயரல்ல, அந்த எண்தான். பயிற்சியாளர் மேங் தால்சுவுக்கு எழுபது. நான்கு வருடமாக எழுபது. அறுவடைப் பண்டிகைக்குக் கொழுக்கட்டையை வயிறு முட்டத் தின்றுவிட்டு வந்தால் ஒரு நாள் எழுபத்தொன்று வேண்டியிருக்கும். மறுநாள் பழையபடி எழுபது.

அப்படிப்பட்ட மனிதர் போன டிசம்பரில் ஒரு காலை, நான் எழுபது வைத்ததும், கொதிக்கிற பானையின் மூடிபோல மேலே போய்விட்டார்.

அந்தக் காலைக்கு வருமுன் அவர் எப்படிப்பட்டவர் என்று சொல்லிவிட வேண்டும். தால்சு பாராசூட் படையில் சார்ஜன்ட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். சனவரியில் வெற்று மார்போடு பனியில் நிற்க வைத்துப் பயிற்சி கொடுப்பார்கள். முடிந்ததும் எல்லோரும் அடுப்பைப் பார்த்து ஓடுவார்கள். இவர் மட்டும் நின்று, "இப்பத்தான் இதமா இருக்கு" என்றாராம். வாய் தவறி வந்ததோ, வேண்டுமென்றே சொன்னதோ, அந்த ஒரு வாக்கியத்தை அன்று முதல் முப்பது வருடம் அவர் காப்பாற்ற வேண்டியதாயிற்று. கழுத்துத் துணி கிடையாது. கையுறை கிடையாது. "போர்த்திக்கிறது பிணத்துக்குத்தான்" என்பார்.

ஓய்வுக்குப் பிறகு, ஓய்வு பெற்ற எல்லோரையும்போல அவரும் எங்கள் சொர்வொன் ஊர்க் கடைத்தெருவில் பொரித்த கோழிக் கடை வைத்தார். பனிக்காலத்திலும் கடைக்கதவைத் திறந்தே வைத்திருப்பார். குளிர்காற்று பட்டால்தான் கோழி மொறுமொறுப்பாக இருக்கும் என்பது அவர் கட்சி. வந்தவர்கள் கோட்டைக் கழற்றாமல், கையுறையோடு தின்றார்கள். இரண்டாவது குளிர்காலத்தில் கடை போயிற்று. "கடையை மூட வேண்டி வந்ததே, மனுஷன் கதவை மூடாததாலதான்" என்று அவர் மனைவி இன்றும் சொல்வார்.

அதன் பிறகுதான் இங்கே வந்தார். குதித்துக் குதித்து முழங்கால்கள் இரண்டும் தேய்ந்திருந்தன. படியில் நண்டுபோலப் பக்கவாட்டில்தான் இறங்குவார். ஆனால் காற்றில் ஏறிவிட்டால் முழங்காலுக்கு வேலையே இல்லை. நடுங்குகிற வாடிக்கையாளரைப் பிடித்துக்கொண்டு குழலுக்குள் அவர் சுற்றி வருவதைப் பார்த்தால், சற்று முன் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு முனகியபடி படியிறங்கிய ஆள் இவர்தானா என்று தோன்றும்.

எங்கள் குழல் பழையது. எங்கிருந்தோ இரண்டாம் கையாக வாங்கியது. புதுக் குழல்களில் அதே காற்று உள்ளுக்குள்ளேயே சுழன்று கதகதப்பாகிவிடும். எங்களுடையது வெளிக்காற்றை அப்படியே உறிஞ்சும். வெளியே அறுவடை முடிந்த வயலில் கொக்குகள் ஒற்றைக் காலில் நிற்கிற குளிர் எதுவோ, அதே குளிர் புயல் வேகத்தில் முகத்தில் அறையும். வாடிக்கையாளருக்குக் கழுத்துத் துணி சுற்றி, சட்டைக் கையைக் கையுறைக்குள் செருகி, கணுக்காலை இறுக்கிக் கட்டி அனுப்புவோம். ஒரு காலத்தில் சட்டைப் பைக்குள் கை சூடேற்றும் கரிப்பொடிப் பொட்டலமும் வைக்க விட்டோம். கல்யாணப் படம் எடுக்க வந்த ஜோடியில் மாப்பிள்ளையின் பொட்டலம் பறந்து போய் மேல்வலையில் மோதிக் கிழிந்து, உள்ளிருந்த கரிப்பொடி முழுக்க மணப்பெண்ணின் முகத்தில் கொட்டிய பிறகு, அதற்குத் தடை போட்டோம்.

நவம்பரில் போங் ஜின்தே வேலைக்குச் சேர்ந்தான். இருபத்தெட்டு வயது, நெட்டை, அழகன். உதடு வெடிக்கிற குளிரிலும் பனிக்கட்டி கடகடக்கும் காப்பியோடுதான் உள்ளே வருவான். "எலும்பு குளிர்ந்தாத்தான் மூளை ஓடும்க்கா" என்பான். அவனுக்கு அறுபத்தைந்து.

வந்த வாரமே தால்சுவோடு பந்தயம் கட்டினான். கம்பளி உள்ளுடுப்பை யார் முதலில் போடுகிறாரோ, அவர் வசந்தம் வரும்வரை வாசல் பனியை ஒற்றை ஆளாக வாரிக் கொட்ட வேண்டும். இருவரும் பட்டாளத்தில் இருந்தவர்கள். பட்டாளத்தில் பனிக்கு 'வானம் கொட்டுற குப்பை' என்று பெயர். அதை வாரி வாரி இடுப்பு ஒடிந்தவர்களுக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

டிசம்பர் தொடக்கத்தில் முதலாளியம்மா வந்தார். இதற்கு முன் நீராவிக் குளியல் கூடம் நடத்தியவர். ஆள் எவ்வளவு சூட்டைத் தாங்குவான் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். குளிரைப் பற்றித்தான் அவருக்கு அவ்வளவாகத் தெரியாது.

"குளிர்காலத்துல கூட்டம் பாதிதான். உள்ள ரெண்டு பேர் எதுக்கு? ஒருத்தர் பறங்க, ஒருத்தர் டிக்கெட் கொடுங்க."

"யார் எதுன்னு...?" என்றான் ஜின்தே.

"குளிர் தாங்குறவர் உள்ள. தாங்காதவர் அடுப்பு பக்கத்துல. சின்னக்குளிர் அன்னிக்கு நானே வந்து பாக்கறேன்."

பஞ்சாங்கத்தில் சனவரி முதல் வாரத்துச் சின்னக்குளிர் நாளுக்குப் பிறகுதான் பெருங்குளிர் வரும். ஆனால் எங்கள் ஊர்ப் பழமொழி வேறு. பெருங்குளிர், சின்னக்குளிர் வீட்டுக்கு விருந்துக்குப் போய் விறைத்துச் செத்ததாம்.

தால்சு சிரித்துக்கொண்டே நெஞ்சைத் தட்டினார். ஆனால் அன்று மாலை படியிறங்க வழக்கத்தைவிட நேரமெடுத்தது. கடைசிப் படியில் நின்று, மூலையில் இருந்த டிக்கெட் மேசையை ஒருமுறை பார்த்தார். பல் மருத்துவரின் நாற்காலியைப் பார்க்கிற பார்வை.

அதற்கு அடுத்த வாரம்தான் பானை மூடி விவகாரம். நான் விசையைச் சட்டென்று அறுபத்தைந்துக்கு இறக்கினேன். அவர் கீழே வந்து நெஞ்சு உயரத்தில் நின்றார். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

பறந்து முடித்து விசை அறைக்குள் வந்தார்.

"ஏம்மா கியோங்ரான், இன்னைக்குக் காத்து கொஞ்சம் முரட்டுத்தனமா இருக்கே?"

"காத்து எழுபதுதான் சார்ஜன்ட். நீங்கதான் அரிசிப் பொரி மாதிரி உப்பியிருக்கீங்க. உப்பின உடுப்பு காத்தை அதிகமாப் பிடிக்கும்."

"ராத்திரி ராமியோன் நூடுல்ஸ் சாப்பிட்டேன். காலைல மூஞ்சி வீங்கும்ல."

"மூஞ்சி சரி. தொடையுமா வீங்கும்? எதுக்குப் பெரிய அளவு உடுப்பை எடுத்துப் போட்டிருக்கீங்க?"

"துவைச்சதுல என்னுது சுருங்கிப்போச்சு."

"எல்லார் உடுப்பும் ஒரே மெஷின்லதான் துவைக்கிறோம். உங்களுது மட்டுமா சுருங்கிச்சு?"

கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, சட்டைக் கையை ஒரு விரற்கடை மேலே இழுத்தார். உள்ளே குங்குமச் சிவப்பு.

"ஹாரியோங் வாங்கிக் கொடுத்தது. முதல் சம்பளம்" என்றார்.

அவருடைய மகள் சுன்சியோன் நகரில் பல் மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. முதல் சம்பளத்தில் பெற்றோருக்குச் சிவப்பு உள்ளுடுப்பு வாங்கித் தருவது எங்கள் வழக்கம். வாங்கி வைத்துக்கொண்டு போடாமல் இருக்க எந்த அப்பாவுக்கும் மனம் வராது.

"ரொம்பத் தொளதொளன்னு இருக்கே?"

"அப்பான்னா பெரிய ஆளுன்னு நெனச்சிட்டா போல." சட்டைக் கையை மறுபடி இறக்கி விட்டுக்கொண்டார். "ரெண்டு நாளா வீட்டுல போட்டுப் பாத்து, படியில நேரா இறங்குறேன்ம்மா. முழங்கால் சூடா இருக்கறதால."

"அப்பறம் என்ன? போட்டுக்கோங்க."

"அந்தம்மாவுக்குத் தெரிஞ்சா டிக்கெட் கிழிக்க உக்கார வெச்சிடும். அங்க உக்காந்தா நான் யாரு? வெறும் ரெண்டு முழங்கால்தான்."

"சரி. இன்னைலேர்ந்து உங்களுக்கு அறுபத்தஞ்சு. ஆனா தினமும் எனக்குச் சுட்ட சர்க்கரைவள்ளி ரெண்டு வரணும்" என்றேன்.

"ஒண்ணு."

"எழுபது வைக்கட்டுமா?"

"ரெண்டு, ரெண்டு!"

அன்று முதல் விசை அறையில் சர்க்கரைவள்ளி வாசம். ஜின்தே மூக்கை நீட்டிக்கொண்டு வருவான். "சார்ஜன்ட் ஐயா, உங்க உதடு ஊதாவா இருக்கே. உள்ளுடுப்பு போடறதுல வெக்கம் ஒண்ணுமில்ல. வாசல்ல மண்வெட்டி தயாரா இருக்கு" என்று சீண்டுவான்.

"தம்பி, நான் பனியில குளிச்சப்ப உங்கம்மா உனக்குத் தொட்டில்ல நாலு போர்வை போட்டிருப்பாங்க" என்பார் தால்சு. சிவப்புக் கம்பளிக்குள் அவருக்கு வியர்த்துக்கொண்டிருக்கும்.

சின்னக்குளிர் அன்று விடியும்போது குழாய் உறைந்திருந்தது. முதலாளியம்மா கணுக்கால் வரை தொங்கும் கோட்டோடு வந்து கண்ணாடி முன் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். முதலில் தால்சு. நான் அறுபத்தைந்து வைத்தேன். நெடுநேரம் மிதந்துவிட்டு வெளியே வந்து, கையை நீட்டிக் காட்டினார். நடுக்கமே இல்லை. அடுத்து ஜின்தே. அவனும் வந்து கையை நீட்டினான். அவனுக்கும் நடுக்கமில்லை. போதாததற்குப் பனிக்கட்டிக் காப்பியை ஒரு மடக்கு குடித்தும் காட்டினான்.

"ரெண்டு பேரும் சேந்து பறங்க. முதல்ல யாரு போதும்னு சொல்றாங்கன்னு பாப்போம்" என்ற முதலாளியம்மா எழுந்து நேராக விசை அறைக்குள் வந்துவிட்டார்.

இருவரும் அறுபத்தைந்தில் ஒரே மட்டத்தில், கயிற்றில் காயப்போட்ட மீன்கள்போல மிதந்தார்கள். முதலாளியம்மா முள்ளைப் பார்த்தார். மின்கட்டணம் கட்டுகிறவர் அல்லவா, அவருக்கும் அந்த எண் மனப்பாடம்.

"தால்சு பறக்கறப்ப எழுபதுல்ல வைப்ப? என்ன இது கம்மியா?"

"அது... இன்னைக்குக் காத்து கொஞ்சம் கனமா இருக்கு."

"காத்துல என்னடி கனம்?" என்று, நான் தடுக்குமுன் விசையைத் தானே எழுபதுக்குத் தள்ளினார்.

ஜின்தே இளவட்டம். சட்டென்று கைகளை ஒடுக்கிச் சமாளித்தான். தால்சு எதிர்பார்க்கவில்லை. மேலே போனார், போய்க்கொண்டே இருந்தார். போகிற வேகத்தில் கழுத்து ஜிப் இறங்கியது. கண்ணாடிக் குழலின் உச்சியில், சிவப்புக் கம்பளி தெரியும் கழுத்தோடு, சிறகு விரித்த கொக்குபோல அவர் நின்றார்.

கீழே இருந்து அதைப் பார்த்த ஜின்தேவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. விரலை நீட்டினான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டான். காற்றில் சுருண்டவனைக் காற்று தாங்காது. பொத்தென்று அடிவலையில் விழுந்தான். விழுந்த வேகத்தில் அவன் ஜிப் மார்பிலிருந்து தொப்புள் வரை வாய் பிளந்தது. உள்ளே, வெந்து வெடித்த சர்க்கரைவள்ளிபோல மஞ்சள். பட்டாளத்தில் சட்டைக்கு உள்ளே போடத் தருகிற பஞ்சுக் கோட்டு.

நான் காற்றை நிறுத்தினேன். இருவரும் வெளியே வந்து, சிவப்பும் மஞ்சளுமாக முதலாளியம்மா முன் நின்றார்கள்.

"எப்பலேர்ந்து?"

"டிசம்பர்லேர்ந்து" என்றார் தால்சு, தரையைப் பார்த்து.

"நான் இன்னைக்கு மட்டுந்தாம்மா!" என்றான் ஜின்தே. "எங்கம்மா அழுதாங்க. அதனாலதான். பந்தயத்துல முதல்ல போட்டது சார்ஜன்ட்தான். மண்வெட்டி அவருக்குத்தான்!"

"ஜின்தே," என்றேன், "அதைக் கழட்டி வெச்சிட்டு ஒரே ஒரு தடவை உள்ள போய்ப் படு."

போனான். அவனுக்கென்று நான் நவம்பரிலிருந்து வைக்கிற அறுபத்தைந்தை வைத்தேன். வலையை விட்டு அவன் எழும்பவில்லை. தலைக்கு மேலே காற்று கூவ, மீன்கடைப் பலகையில் கிடப்பதுபோலக் கிடந்தான். எழுபது வைத்தேன். ஒழுங்காக எழும்பி நெஞ்சு உயரத்தில் நின்றான்.

அவன் வெளியே வந்ததும் முதலாளியம்மா என்னைப் பார்த்தார். "அப்படின்னா?"

"அப்படின்னா வேலைக்கு வந்த முதல் நாளே போட்டுட்டு வந்திருக்கான். அது இல்லாம இவனை நான் பாத்ததே இல்ல."

"அடப்பாவி! அப்ப அந்த ஐஸ் காப்பி?" என்றார் தால்சு.

"உள்ள சூடா இருந்ததாலதானே ஐயா குடிக்க முடிஞ்சுது!"

முதலாளியம்மா சிரிக்கவில்லை. அவர் சிரிக்காதபோதுதான் பயப்பட வேண்டும். முள்ளைப் பார்த்தார், இருவரையும் பார்த்தார், மறுபடி முள்ளைப் பார்த்தார்.

"உள்ள தடிமனா போட்டு உப்பிக்கிட்டா அறுபத்தஞ்சே போதும். அப்படித்தானே?"

"ஆமாம்மா."

"இதை மூணு பேரும் எங்கிட்ட மறைச்சீங்க. மோட்டாருக்கு மின்சாரம் மிச்சமாகிற விஷயத்தை மறைச்சீங்க!" அப்போதுதான் அவருக்கு உண்மையான கோபம் வந்தது. "நாளைலேர்ந்து இங்க யாரும் உள்ளுடுப்பு இல்லாம பறக்கக்கூடாது. வர்றவங்களுக்கும் நாமளே கொடுப்போம். பெரிய அளவா."

"அப்ப உள்ள யாரும்மா?" என்று கேட்டார் தால்சு. கை தன்னையறியாமல் முழங்காலைத் தடவியது.

"நீர்தான்."

"நானா?"

"உமக்குப் பொய் சொல்ல வரலை. மூணு வாரத்துலயே ஆகாசத்துக்குப் போய் மாட்டிக்கிட்டீர். இவனைப் பாரும், நவம்பர்லேர்ந்து கூசாம பொய் சொல்லி, மேல ஐஸ் காப்பியும் குடிச்சிருக்கான். டிக்கெட் விக்க இப்படி ஒருத்தனைத்தான் நான் தேடிக்கிட்டிருந்தேன்."

ஜின்தே அடுப்புப் பக்கம் திரும்பிப் பார்த்தான். அவன் முகம் அவ்வளவொன்றும் வாடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

"காலையில முதல்ல பனியை வாரிட்டு வந்து உக்காரு" என்றார் முதலாளியம்மா. அப்போது முகம் வாடியது. போகிற போக்கில் என் பக்கம் திரும்பினார். "இந்த அறையில தினமும் சர்க்கரைவள்ளி வாசம் ஏன் அடிச்சுதுன்னு இப்பத்தான் புரியுது. நாளைலேர்ந்து மூணு. ஒண்ணு எனக்கு."

அந்தக் குளிர்காலத்தில் ஜின்தே டிக்கெட் விற்ற விற்பனையை யாரும் மிஞ்சவில்லை. 'உள்ளே வெந்நீர்க் குளத்தில் மிதப்பதுபோல இருக்கும்' என்று சத்தியம் செய்து விற்பான். நம்பி வந்தவர்களுக்குத் தால்சு கழுத்தையும் மணிக்கட்டையும் கட்டிவிட்டு, தம் சிவப்புக் கழுத்தை வெளியே இழுத்துக் காட்டி, "உள்ளுடுப்பு போடாதவன் முட்டாள். முப்பது வருஷமா நான் இதைத்தான் சொல்லிட்டு வர்றேன்" என்பார். அவர் மனைவி ஒருநாள் வந்திருந்தபோது இதைக் கேட்டுவிட்டு, வாசல்வரை போய்ச் சிரித்துவிட்டு வந்தார்.

இப்போது மே மாதம். கொக்குகள் எப்போதோ வடக்கே போய்விட்டன. மலையெல்லாம் பூத்துக் கிடக்கிறது. உள்ளுடுப்புகள் பெட்டிக்குள் போய், அநேகமாக எல்லோரும் அரைக்கை உடுப்புக்கு மாறியாயிற்று. எப்போதாவது பறக்கிற ஜின்தேவும் எழுபதுக்கு வந்துவிட்டான்.

மேங் தால்சுவுக்கு நான் இன்னும் அறுபத்தைந்துதான் வைக்கிறேன். ஏன் என்று நான் கேட்பதில்லை. படியில் அவர் நேராகத்தான் இறங்குகிறார்.