கை எட்டாத பை

படியில் நாலாம் மாடித் திருப்பம் வந்ததும் அவர் கண்களை மூடிக்கொள்வார். ஏறுவதை நிறுத்தாமலே வலது கையை இடுப்புக்கு விடுவார். ஸிப் திறக்கும் சத்தம் கேட்கும். சின்ன டப்பா ஒன்று வெளியே வந்து, ஒரு குலுக்கு குலுங்கி, திரும்ப உள்ளே போகும். பிறகு கண்ணைத் திறந்து, இடது கையிலிருக்கும் ஸ்டாப்வாட்ச்சைப் பார்த்து, "ரெண்டு புள்ளி மூணு" என்று சுவரிடம் சொல்வார். சுவர் பதில் சொல்லாததால் ஐந்தாம் மாடிக்குப் போவார்.

முதுகுப்பையில் பதினான்கு கிலோ கனம். எல்லாம் தேய்ந்துபோன பிரேக் கட்டைகள், பழைய துண்டில் சுற்றியவை. இந்தக் கோலத்தில் அவர் படியேறுவதைக் கண்டால் குடியிருப்பவர்கள் லிஃப்ட் பொத்தானிலிருந்து கையை எடுத்துவிடுவார்கள். காரணம், அந்தக் கட்டடத்து லிஃப்டைப் பராமரிப்பவரே அவர்தான்.

"ஏன் சார், லிஃப்ட் ரிப்பேரா?"

"லிஃப்டுக்கு ஒண்ணும் இல்லைங்க. நான்தான் ரிப்பேர்."

வேலையிடத்தில் அவர் பெயர் 'பாக்கெட்'. கால்சட்டையில் ஒன்பது பாக்கெட், ஒவ்வொன்றுக்கும் ஒரு கருவி. லிஃப்ட் ஓடும் இருட்டுக் குழியில், டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, கேட்ட ஸ்பேனரைக் கேட்ட நொடியில் எடுப்பார். "கண்ணை நம்பாதீங்கடா. கைக்குத் தெரியணும்" என்பது அவர் சித்தாந்தம். அதே மனிதர் குளித்துவிட்டு, இருபத்தாறு வருடமாக ஒரே கொக்கியில் தொங்கும் துண்டு எங்கே என்று மனைவியைக் கூப்பிட்டுக் கேட்பார்.

அவரிடம் இன்னொரு மனப்பாட வாக்கியமும் உண்டு. லிஃப்டுக்குள் யாராவது மாட்டிக்கொண்டு போன் செய்தால், சாப்பாட்டுக்கு நடுவிலும் தூக்கத்துக்கு நடுவிலும் ஒரே குரலில் சொல்வார்: "கதவைத் தொடாதீங்க. நான் வெளியிலேருந்து திறக்கறேன்."

மனைவி நகரப் பேருந்து ஓட்டுநர். அடுத்த மாதம் இருவரும் முப்பத்திரண்டு நாள் மலைப்பாதையில் நடக்கப் போகிறார்கள். லீவு எழுதிக் கொடுத்தாயிற்று. யோசனை மனைவியுடையது. "இருபத்திரண்டு வருஷமா ஊரையே பின்னால உட்கார வச்சு ஓட்டிட்டேன். ஒரு மாசமாவது யாராவது முன்னால போகட்டும், நான் பின்னால வர்றேன்."

முன்னால் போகிறவருக்குச் சர்க்கரை வியாதி. இன்சுலின் போடுகிறவர். நடந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கும். இறங்கினால் குளுக்கோஸ் மாத்திரை உடனே வாய்க்குப் போக வேண்டும். முதுகுப்பையைக் கழற்றி, மூடி திறந்து, துணிக்கு அடியில் துழாவி எடுக்க நான்கு நிமிடம் ஆனது. நான்கு நிமிடத்தில் அவர் ஒரு லிஃப்டையே ஓட வைத்துவிடுவார். அதனால்தான் பைக்கு மேல் மாட்டும் குட்டிப் பைகளைத் தேடிக் கடைக்குப் போக ஆரம்பித்தார்.

மலையேற்றச் சாமான் கடையில் இருக்கும் பெண்ணுக்கு அவரைக் கண்டாலே சிரிப்பும் அலுப்பும் சேர்ந்து வரும். நெஞ்சில் மாட்டும் பையை முதலில் கொடுத்தாள். மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"என் கால் எனக்கே தெரியலையேம்மா. வழியில கல்லு எப்படித் தெரியும்?"

"அது பையால இல்ல அங்கிள்."

அடுத்தது தோள்வாரில் மாட்டும் வலைப்பை. ஷூ கயிறு கட்டக் குனிந்ததும் அதிலிருந்த போன் மூன்று மாடிப் படியில் தானே இறங்கிப் போனது. காந்தமூடிப் பை வாங்கினார்; திசைகாட்டியின் முள் வடக்கைக் கைவிட்டு அவர் விலா எலும்பைக் காட்டியது. கடைசியில் இடுப்புப்பட்டையில் கோக்கும் பை நின்றது. ஸிப்பில் தடித்த கயிற்று வளையம் கட்டினார். கையுறையோடு, கண்ணை மூடி, நடந்துகொண்டே, ஒரு கையால் ரெண்டு புள்ளி மூணு. கம்பெனியில் எல்லோருக்கும் செய்து காட்டினார். மனைவியின் கையில் ஒரு மாத்திரையும் இல்லை. "எல்லாம் என்கிட்ட இருக்கும்மா, நீ ஏன் சுமக்கணும்?"

போன ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் ஒத்திகை நடை. பதினான்காவது கிலோமீட்டரில் அவர் பேச்சை நிறுத்தினார். மனைவிக்கு அதுவே போதுமான எச்சரிக்கை. பிறகு பாதையை விட்டுப் புல்லில் நடந்தார்.

"மாத்திரை போடுங்க."

"எனக்கு ஒண்ணும் இல்ல."

"சட்டை தொப்பலா நனைஞ்சிருக்கு."

"வெயில்."

வானம் மூடிக் கிடந்தது. அவள் முன்னால் வந்து பைக்குக் கை நீட்டினாள். அவர் இரண்டு உள்ளங்கையாலும் அதைப் பொத்திக்கொண்டார், கூட்ட நெரிசலில் பர்ஸைப் பொத்துகிற பயணியைப்போல. "தொடாதே. என் பை." விரல் விரலாகப் பிரித்து, பையைத் திறந்து, மாத்திரையை வாயில் திணிக்க அவளுக்குப் பதினோரு நிமிடம். கால் மணி நேரம் கழித்து அவர் தெளிவாகக் கேட்டார்: "ஏன் இங்க உட்கார்ந்திருக்கோம்?"

வீட்டில் விவரத்தைக் கேட்டுக்கொண்டு, கொஞ்சம் யோசித்து, ஒரு பொறியாளரின் முடிவைச் சொன்னார்: "வளையத்தை இன்னும் பெருசா கட்டினா ரெண்டு செகண்டுக்குள்ள வந்துடும்."

"நாளைக்கு என் லீவு லெட்டரைத் திருப்பி வாங்கறேன்" என்றாள். "நீங்களும் போகப்போறதில்ல."

"ஏம்மா, கைக்கு எட்டற இடத்துலதானே இருந்தது?"

"எந்தக் கைக்கு? பொத்திக்கிட்ட கைக்குத்தானே? சர்க்கரை இறங்கினா முதல்ல இறங்கறது உங்க புத்திதான்." பையை மேசையில் போட்டாள். "லிஃப்டுல மாட்டிக்கிட்டவங்ககிட்ட தினம் என்னங்க சொல்றீங்க?"

"கதவைத் தொடாதீங்க, நான் வெளியிலேருந்து..." என்று பழக்கத்தில் ஆரம்பித்தவர் பாதியில் நின்றுவிட்டார்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் குளிக்கப் போனார். அன்று துண்டைத் தானே எடுத்துக்கொண்டார்.

மறுநாள் கடையில், "என் கை எட்டாத இடத்துல மாட்டற மாதிரி ஒரு பை வேணும்மா" என்றார்.

"எட்டாத இடத்துலயா? எல்லாரும் எட்டணும்னுதான் அங்கிள் கேப்பாங்க."

"எட்டணும். எனக்கு இல்ல. பின்னால வர்ற யாருக்கு வேணும்னாலும்."

சிவப்புப் பை. முதுகுப்பையின் வெளிப்புறத்தில், தோளுக்குச் சற்றுக் கீழே, நாலு கொக்கியில் மாட்டினார். மேலே வெள்ளை மையில் 'மாத்திரை, வாயில் போடவும்' என்று எழுதினார். மனைவி ஒரு டப்பாவைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். "நான் ஒரு வளைவு பின்தங்கிட்டா என்ன செய்வீங்க? வேற யாராவதுதான் எடுத்துப் போடணும். உங்க மேலயும் இருக்கட்டும்" என்றாள். லீவு லெட்டரைத் திருப்பி வாங்கவும் இல்லை.

மாலையில் படியில் இருவர். பிரேக் கட்டைகளைச் சுமந்துகொண்டு அவர் முன்னால். ஸ்டாப்வாட்ச்சுடன் அவள் பின்னால். மூன்றாம் மாடியில் அவர் வலது கையைத் தோளுக்கு மேலே விட்டார், பிறகு விலாவுக்குக் கீழே விட்டார், பிறகு இடது கையால் இரண்டையும் செய்து பார்த்தார். பை எட்ட நாலு விரற்கடை குறைந்தது. "சரியா இருக்கு" என்று சுவரிடம் சொன்னார்.

நாலாம் மாடித் திருப்பத்தில் நின்றார். கண்ணை மூடவில்லை. இரண்டு கையையும் முன்பக்கம் கோத்துக்கொண்டார். முதுகுக்குப் பின்னால் ஸிப் சத்தம் கேட்டது. எத்தனை செகண்ட் என்று கேட்காமல், திரும்பிப் பார்க்காமல், வாயைத் திறந்தார்.