விரல் ஓரத்து வெளிர்நீலம்

நிஜாம் ஆட்சி நாட்களில் செகந்திராபாத் ரயில்வே பட்டறையில் புளூ பிரிண்ட் எடுப்பது என் வேலை. மருந்து பூசிய தாள்மேல் வரைபடத்தை வைத்து, மொட்டைமாடி வெயிலில் காட்டி, தண்ணீரில் அலச வேண்டும். வெயில் பட்ட இடம் நீலமாகும். மறைந்த இடம் வெள்ளையாக நிற்கும். வானத்தைச் சமமாகப் போர்த்திய மேகம் வெயிலைக் குறைக்கும். மேடும் பள்ளமுமாகக் குவிந்த வெள்ளை மேகம் அப்படியல்ல. சூரியனை மறைக்காமல் பக்கத்தில் நின்றால், தன்மேல் பட்ட வெயிலையும் சேர்த்து நம் தலையில் கொட்டும். இதெல்லாம் தெரியும் என்ற கர்வம் எனக்கு நிறையவே இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மிஞ்சிய தாள் துண்டு ஒன்றைக் கறுப்புத் துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நான்கு வயது மகளின் கையை அதில் பதிக்க ஆசை. அவள் ஓரிடத்தில் நிற்கிற பிள்ளையா? வெள்ளை மேகங்கள் சூரியனைச் சுற்றிக் குவியும்வரை காத்திருந்தேன். வெயில் கூடினால் சீக்கிரம் பதிந்துவிடுமே.

“ஆடாம வெச்சிருப்பியா?”

“ஹவ்.”

ஆமாம் என்பதற்கு அப்படித்தான் சொல்வாள். உருது பேசும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடமிருந்து ஒட்டிக்கொண்ட பேச்சு. “தமிழ்ல சொல்லுடி,” என்று உள்ளேயிருந்து என் மனைவி அதட்டினாள்.

அலசியதும் நீலத்தில் வெள்ளைக் கை தெரிந்தது. ஓரம் மங்கியிருந்ததை நான் பொருட்படுத்தவில்லை.

அந்த மழைக்காலம் முடிவதற்குள் காய்ச்சலில் மகள் போய்விட்டாள். அவளைப் போட்டோ எடுத்ததே இல்லை. அந்தத் தாள் ஒன்றுதான் மிச்சம்.

மனைவி அதை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

“இது யார் வெரலு? எம் பொண்ணுக்குக் குண்டு வெரலு. இது குச்சியாட்டம் இருக்குது. இதுவும் அவளோடது இல்லியா?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்று மேகங்கள் பக்கவாட்டிலிருந்தும் வெளிச்சத்தைத் திருப்பி, உருண்டை விரல்களுக்கு அடியில் நுழைத்து, பதிவை மெலியவைத்துவிட்டன. மேகமில்லாத நாளுக்குக் காத்திருந்திருக்கலாம். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். என்மேலேயே எனக்கு வெறுப்பு வந்தது.

வெள்ளையைச் சுற்றி வெளிர்நீலமாக ஓர் ஓரம் இருந்தது. சரியாக அலசாத கறை என்றே நினைத்திருந்தேன்.

“வெள்ளைய மட்டும் பாக்காத,” என்றேன். “இந்த வெளிர்நீலமும் அவ வெரல்தான். வெளிச்சம் கொஞ்சம் அடியில பூந்துடுச்சு, அவ்வளவுதான்.”

அவள் அந்த ஓரத்தைத் தொட்டபடி ஒவ்வொரு விரலாகச் சுற்றி வந்தாள். கட்டைவிரலில் நின்றாள்.

“ஹவ்,” என்றாள்.

அந்தச் சொல்லை அவள் வாயில் நான் அதுவரை கேட்டதில்லை.