ஆள் இல்லாத படம்

முகத்தைக் கொண்டுவருபவர்கள் வாடிக்கையாளர்கள். அது சரியாக விழவில்லை என்று ஏச்சு வாங்குபவன் நான். படம் பிடிக்கிறவன் தொழில் இவ்வளவுதான். ஸ்டூடியோ வைத்து நொந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், தலையாட்டிக்கொண்டே படியுங்கள். எழுபதுகளின் கடைசியில் கல்முனை பஸாரில், ஒரு புடவைக் கடையின் மேல்மாடியில் நான் ஸ்டூடியோ திறந்தேன். ஆசையெல்லாம் கடலையும் வயலையும் பிடிப்பதில். சோறு போட்டதோ பாஸ்போட் முகங்கள்.

படிக்கட்டுச் சுவர்

ஒரு விடியற்காலை நாவிதன்வெளிப் பக்கம் சைக்கிளில் போய், பனிக்குள் நெல் நிற்பதைப் படம் பிடித்தேன். முழங்கால் வரை சேறு, முதுகெல்லாம் நுளம்புக்கடி. பெரிதாகக் கழுவி, கண்ணாடிச் சட்டம் போட்டு, படிக்கட்டுச் சுவரில் மாட்டினேன். யாராவது நின்று பார்க்கிறார்களா என்று மாடியிலிருந்து எட்டி எட்டிப் பார்த்ததை இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

நான்காம் நாள் சம்மாந்துறை அரிசி முதலாளி ஒருவர் நின்றார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். ஒரு படி கீழே இறங்கியும் பார்த்தார். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோயிற்று. மேலே வந்து கதிரையில் உட்கார்ந்தவர் மெதுவாகச் சொன்னார்: "தம்பி, ஆள் வந்து நிக்கிறதுக்கு முந்தியே பட்டன அமத்திப் போட்டீங்களே!"

வர வைக்கிற முகம்

பெண்கள் படம் பிடிக்க வந்தால் என் மனைவி ஜெமீலாவும் ஸ்டூடியோவில் நிற்க வேண்டும். முக்காட்டைச் சரி செய்வது, நாடியை உயர்த்துவது எல்லாம் அவள் வேலை. நான் கமராவுக்குப் பின்னால் நின்று "கொஞ்சம் இடப்பக்கம்" என்பேன். அவள் போய்த் திருப்பிவிட்டு வருவாள். சில நேரம் நான் சொன்னதற்கு மேலாகவும் திருப்பிவிடுவாள். அதைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

அப்படித்தான் ரஹீமா இரண்டு பெண்பிள்ளைகளோடு வந்தாள். புருஷன் கலீல் றியாத்தில் லொறி ஓட்டுகிறான். இளையவள் மூன்று மாதக் குழந்தையாக இருக்கும்போது, இரண்டு வருஷத்தில் வருகிறேன் என்று போனவன், மூன்றாம் வருஷத்துக்கும் கையெழுத்துப் போட்டுவிட்டானாம். பிள்ளைகள் உடுப்பும் ரிப்பனுமாக வடிவாக நின்றார்கள். தாய் மட்டும் மரம் மாதிரி நின்றாள். கொஞ்சம் சிரிக்கச் சொல்லு என்று ஜெமீலாவிடம் சொன்னேன். ரஹீமாவே, அண்ணன் முறையில் என்னைக் காக்கா என்று கூப்பிட்டு, நேரே பார்த்துப் பதில் சொன்னாள்: "சிரிச்சா, ஊட்டில எல்லாரும் நல்லா இரிக்காங்க எண்டு இன்னும் ரெண்டு வருஷம் இருந்திடுவார் காக்கா. அழுதா, பயந்துபோய்க் கூடக் காசு அனுப்புவார். ஆள் வாற மாதிரி ஒரு முகத்தப் புடிச்சித் தாங்க."

பன்னிரண்டு முழச் சேலை

மருதமுனைத் தறிக்காரர் ஒருவர், கொழும்புக் கடைக்கு அனுப்பச் சேலையைப் படம் பிடிக்கச் சொன்னார். நான் அதைக் கதிரையில் மடித்துப் போட்டு, பக்கத்து யன்னல் வெளிச்சத்தில் கலைநயமாகப் பிடித்துக் கொடுத்தேன். மனுஷன் படத்தைத் தூக்கி எறியாத குறை. மடிப்பு இருந்தால் உள்ளுக்குள் சேதம் இருக்கிறதென்று நினைப்பார்களாம். முழு நீளமும் தெரிய வேண்டுமாம்.

கடற்கரைக்குப் போனோம். இந்தத் தலைப்பை அவர் பிடிக்க, அந்தத் தலைப்பை இடுப்பில் சாரன் கட்டிய அவர் மச்சான் பிடிக்க, காற்று நடுவில் புகுந்து சேலையைப் பாயாக்கி இரண்டு பேரையும் கடலுக்குள் இழுத்தது. ஒரு மாதிரிப் பிடித்து முடித்தேன். மூன்று கிழமை கழித்துத் தறிக்காரர் கடிதத்தோடு வந்தார். முகம் சரியில்லை. "சேலை வேணாமாம். சேலையப் புடிச்சிக்கிட்டு நிக்கிறவர்ர சாரன் எத்தின டசின் இரிக்கி எண்டு கேக்கானுகள்."

ஹனிபாவின் புதுக் கமரா

கலீலோடு ஒரே அறையில் இருந்த ஹனிபா லீவில் வந்தான். கழுத்தில் புதுக் கமரா. அதன் வெள்ளி விளிம்பைப் பார்த்ததும் என் பழைய பெட்டியை மேசைக்குக் கீழே வைத்துவிட்டேன். ரஹீமா எழுதிக் கேட்டபடி, ஹனிபா ஒரு முழு ரோலிலும் கலீலையே பிடித்திருந்தான். லொறியில் ஏறுவது, சோறாக்குவது, தொழுதுவிட்டு வருவது என்று முப்பத்தாறு. செய்தி கேட்டு ரஹீமா பிள்ளைகளோடு வந்து மர வாங்கில் உட்கார்ந்துவிட்டாள். வாப்பாவைக் கண்ட நினைவே இல்லாத இளையவள், இருட்டறைக் கதவைத் தட்டித் தட்டி "முடிஞ்சா?" என்று கேட்டாள்.

முடிந்துதான் இருந்தது. நெகட்டிவ் அந்தத் தலையிலிருந்து இந்தத் தலை வரை கரிக்கறுப்பு. கமராவின் முதுகை வெளிச்சத்தில் திறந்தால்தான் அப்படி ஆகும். வெளியே வந்தேன். ரஹீமா என் முகத்தைப் பார்த்தாள், பிறகு இளையவளின் ரிப்பனை அவிழ்த்துத் திரும்பக் கட்டினாள். எனக்கு வந்த கோபத்தில் ஹனிபாவைப் படியால் உருட்டிவிட்டிருப்பேன். திறந்தாயா என்று கேட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: "கலீல் உள்ளுக்க ஒழுங்கா வந்திரிக்கானா எண்டு ஒருக்காப் பாத்தன் மச்சான், அவ்வளவுதான்."

வம்மி மரம்

நாலாம் வருஷம் கலீலிடமிருந்து ரஹீமாவுக்கு ஒரு கடிதம். முகப்படம் போதும், வயல் வட்டைக்குப் போய் நம்முடைய வரவையை, அந்த வயல் துண்டை, படம் எடுத்து அனுப்பு. குத்தகைக்காரன் வெள்ளாமையை எப்படி வைத்திருக்கிறான் என்று பார்க்க வேண்டும். கடிதத்தை நீட்டிய ரஹீமாவின் கண் சிவந்திருந்தது. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு உள்ளூரச் சந்தோஷம். ஆள் இல்லாத வயலை ஒருவர் கேட்டு வாங்குகிறார்!

ரஹீமாவின் தம்பி வரவையைக் காட்டிவிட்டுப் போனான். அங்கே நெல்லும் சரியில்லை, வெளிச்சமும் சரியில்லை. இரண்டு வரம்பு தள்ளி ஒரு வம்மி மரம், கீழே நாலைந்து கொக்கு, பச்சைப் பாய் விரித்தமாதிரி வெள்ளாமை. வயல் என்றால் வயல்தானே என்று அங்கே நின்று பிடித்தேன். என் வாழ்க்கையிலேயே அவ்வளவு நல்ல படம் விழுந்ததில்லை.

ஒரு மாதத்தில் படம் திரும்பி வந்தது. பின்னால் கலீல் எழுதியிருந்தான்: வம்மி நிற்பது ஆதம்பாவாவின் வரம்பில், நம்முடைய வரவை எங்கே? நான் கூனிக்குறுகிப்போனேன். ஆனால் ரஹீமாவின் கோபம் என் மேல் இல்லை. "எண்ட மகள்ர வயச ஒவ்வொரு கடிதத்திலயும் பிழையா எழுதுற மனுஷன் காக்கா. மரம் நிக்கிற வரம்பில மட்டும் பிழை இல்ல."

உச்சி வெயிலில் ஒரு படம்

அடுத்த நாள் அவளே முன்னால் நடந்தாள். உச்சி வெயில், கண் கூசுகிற வெளிச்சம், எந்தப் படம்பிடிப்பவனும் கமராவைத் திறக்காத நேரம். அவள் கை காட்டிய இடத்தில் வரம்பு உடைந்து கிடந்தது. வாய்க்கால் தூர்ந்து, தண்ணீர் வருவதற்கு வழியில்லை. நெல் எங்கே, கோரைப்புல் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. விடிய வந்து கொஞ்சம் நல்லதாகப் பிடிக்கிறேன் என்றேன். "வேணா. கிடக்கிற மாதிரியே அனுப்புங்க" என்றாள்.

இரண்டு மாதம் கழித்து, படிக்கட்டில் கனத்த காலடி. வெயிலில் கறுத்த ஒரு மனுஷன், பின்னால் ரஹீமா, பிள்ளைகள். இளையவள் தாயின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, புது ஆளை ஒற்றைக் கண்ணால் பார்த்தாள். கலீல் அடுத்த கையெழுத்தைப் போடாமல் வந்துவிட்டானாம், குத்தகையையும் நிறுத்திவிட்டானாம். நால்வரையும் நிறுத்தி நான் கமராவுக்குள் குனிந்தபோது கண் கலங்கி, ஒன்றும் தெளிவாகத் தெரியவில்லை. ஜெமீலா ரஹீமாவின் நாடியை உயர்த்தப் போனாள், தேவைப்படவில்லை. ரஹீமா சிரித்துக்கொண்டே புருஷனைக் காட்டிச் சொன்னாள்: "மூணு வருஷமா எங்கட முகத்த அனுப்பினன், வரல்ல. புல்லு மண்டின வரவய ஒருக்காக் காட்டினன், ஓடி வந்திட்டார்."

கடல் கடந்து போன ஒருவரைத் திருப்பிக் கூட்டிவந்த என் ஒரே படத்தில், நெல்லைவிடக் கோரைப்புல்தான் கூர்மையாக விழுந்திருந்தது என்பதை நான் எந்த வாடிக்கையாளரிடமும் சொன்னதில்லை.