இடது பக்கத்து மூன்று சீட்டுகள்

குறி சொல்லும் டாரோ படச்சீட்டில் முதல் கட்டை நாமே காசு கொடுத்து வாங்கக் கூடாது, யாராவது பரிசாகத் தர வேண்டும் என்று எங்கள் வட்டத்தில் ஒரு விதி. கல்யாணம் ஆகாமல் ஐம்பதைத் தாண்டி, கொச்சி வில்லிங்டன் தீவில் ஒரு கப்பல் ஏஜென்சி ஆபீசில் சரக்குக் காகிதங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்த எனக்கு அப்படிப் பரிசு தர ஆள் தேடினால் ஆயுசு போதாது. நானே ஆன்லைனில் வாங்கினேன். வட்டத்தை நடத்தும் சேச்சி அதை என் கையிலிருந்து வாங்கி, கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துவிட்டு, என்னிடமே திருப்பித் தந்தார். "இனி இது நான் தந்த கிஃப்ட்" என்றார். விதியும் உடையவில்லை, எனக்கும் கட்டு கிடைத்தது. இப்படி வளைந்து கொடுக்கத் தெரிந்த கூட்டமென்றால் நமக்குச் சரிப்படும் என்று நினைத்துக்கொண்டேன்.

யூதர்கள் வாழ்ந்த ஜூ டவுனில் சேச்சியின் கணவருக்குப் பழம்பொருள் கடை. அதன் மாடியில்தான் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூடுவோம். கீழே வெள்ளைக்காரர்கள் பித்தளை விளக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பக்கத்துக் கிடங்கிலிருந்து சுக்கு வாசனை படியேறி வரும். அம்மா போன பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் எனக்கு மிக நீளமாகிவிட்டன. மட்டாஞ்சேரியில் அவ்வளவு பெரிய வீட்டில் ஒருத்திக்குச் சமைத்து, ஒருத்தியாகச் சாப்பிட்டு, ஒரு தட்டைக் கழுவி வைத்தால் மணி ஒன்றுகூட ஆகியிருக்காது. அதற்குத் தப்பித்துத்தான் அந்த மாடிக்குப் போனேன். எதிர்காலம் தெரிந்து என்ன செய்யப் போகிறேன்?

ஆனால் சீட்டுகள் பிடித்துப்போயின. காக்கநாட்டு ஐ.டி. பையன் ஒருவன் பூனைகளே ராஜாவும் ராணியுமாக இருக்கும் கட்டு வைத்திருந்தான். லீவில் வந்த வளைகுடா நர்ஸ் ஒருத்தி ஆரக்கிள் சீட்டு மட்டும்தான் எடுப்பாள். டாரோ என்றால் எழுபத்தெட்டு சீட்டு, அதற்கென்று ஒரு வரிசை, ஒரு இலக்கணம். ஆரக்கிளில் அதெல்லாம் கிடையாது, வரைந்தவர் மனசு போல. 'ஓய்வெடு' என்று ஒரு சீட்டு, 'மன்னித்துவிடு' என்று ஒரு சீட்டு. சம்பந்தியம்மா அறிவுரை மாதிரி இருக்கிறதே என்று நான் கேலி செய்வேன். இதெல்லாம் கிளி இல்லாத கிளி ஜோசியம்தானே என்று வெளியே யாராவது சிரித்தால் மட்டும் எனக்குச் சுள்ளென்று கோபம் வரும்.

எங்கள் வட்டத்துக்கு இன்னும் சில பழக்கங்கள் உண்டு. கேள்வியை வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை, மனசுக்குள் வைத்துக்கொண்டால் போதும். கெட்ட சீட்டு வந்தால் மெத்தென்று சொல்ல வேண்டும். கறுப்புப் போர்வை போர்த்திய ஒருவன், கவிழ்ந்து கிடக்கும் மூன்று கிண்ணங்களைப் பார்த்துத் தலை குனிந்து நிற்கும் சீட்டு ஒன்று உண்டு. அது யாருக்கு வந்தாலும் நான் விரலை வைத்துக் காட்டுவேன்: "பாருங்கோ, பின்னால ரெண்டு கிண்ணம் நிமிர்ந்து நிக்கறது. அவன் இன்னும் திரும்பிப் பாக்கலை, அவ்வளவுதான்." கேட்டவர் முகம் தெளியும். இதில் எனக்குக் கைராசி என்று பேர்.

எனக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. அக்கா என்னோடு வந்து இருப்பாளா?

அக்கா திருப்பூணித்துறையில் தனியாக இருந்தாள். அத்திம்பேர் காலமாகிவிட்டார், பையன் பூனாவில். நான் இங்கே தனி, அவள் அங்கே தனி. நடுவில் ஒரு பஸ்ஸும் மெட்ரோவும்தான். எங்கள் பிறந்தகத்தில் மாடி அறை காலியாகக் கிடந்தது. இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்தால் என்ன என்று யாருக்கும் தோன்றும். கேட்டிருக்க வேண்டியதுதானே? கேட்கவில்லை. பையன் இருக்கிறவளைப் போய் என்னோடு வா என்றால் தப்பாக எடுத்துக்கொள்வாளோ என்று ஒரு தயக்கம். மாட்டேன் என்று சொல்லிவிட்டால் அப்புறம் அந்த ஆசைகூட மிஞ்சாதே என்ற பயம். அக்காவோ கூப்பிடாமல் சொந்தத் தங்கை வீட்டுக்குக்கூட ஒரு ராத்திரி தங்க வராதவள்.

சேச்சியிடம்தான் கேட்டேன், இதற்கு ஒரு சீட்டு எடுக்கலாமா என்று. அவர் மறுத்துத் தலையாட்டிவிட்டார். மூன்றாம் மனுஷர் மனசில் என்ன இருக்கிறது என்று அவரைக் கேட்காமல் சீட்டில் பார்ப்பது கூடாது. "அக்காவிடம் போய் அனுமதி வாங்கி வா, பிறகு எடுக்கலாம்" என்றார் மலையாளத்தில். அனுமதி கேட்கிற வாய் இருந்தால் நான் எதற்குச் சீட்டைத் தேடி வருகிறேன்? இதை அவரிடம் சொல்லவில்லை. விதியை மதித்தேன்.

அடுத்த சனிக்கிழமை திருப்பூணித்துறைக்குப் போனேன். எப்படியாவது பேச்சைத் தொடங்கிவிடுவது என்றுதான் போனேன். சாப்பாடு முடிந்து, மேஜையைத் துடைத்துக்கொண்டே அக்கா சொன்னாள்: "பூனாக்கு வந்துடு வந்துடுன்னு அவன் ஒரே பிடியா நிக்கறான். ஞாயத்துக்கெழமை முடிவா சொல்லணுமாம்."

"நீ என்ன நெனைக்கறாய்?" என்றேன்.

"பாக்கலாம்" என்றாள்.

நான் கைக்குட்டைக்காகப் பையைத் திறந்தேன். அப்போதுதான் சீட்டுக்கட்டைச் சுற்றி நான் பையில் வைத்திருந்த பட்டுத்துணி முடிச்சு அவள் கண்ணில் பட்டது.

"அது என்னடீ?"

சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். "கிளி எங்கே? நீதான் கிளியோ?" என்றாள். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, "எங்கே, எனக்கு எடு பாக்கட்டும்" என்றாள். கேள்வியை மனசுக்குள் வைத்துக்கொள்ளச் சொன்னேன். "கேள்வி இல்லை. ரெண்டு வழி இருக்கு. எதுல போகட்டும்னு தெரியணும்."

இரண்டு வழிக்கு ஒரு முறை உண்டு. இடது பக்கம் மூன்று, வலது பக்கம் மூன்று. எந்தப் பக்கம் எந்த வழி என்று அவரவர் மனசுக்குள் தீர்மானித்துக்கொள்ள வேண்டும், சீட்டைப் படிக்கிறவருக்குச் சொல்லக் கூடாது. சொன்னால் நம் ஆசை சீட்டில் கலந்துவிடும் என்பார் சேச்சி. அக்கா ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு ஆறு சீட்டையும் தானே எடுத்து வைத்தாள், முதலில் இடது பக்கம்.

நான் மனசுக்குள் கணக்குப் போட்டுவிட்டேன். பேச்சில் முதலில் வந்தது பூனா, முதலில் வைத்தது இடது. அப்படியானால் இடது பூனா. வலது நான்.

இடது பக்கத்தைத் திருப்பினேன். கறுப்புப் போர்வை. கவிழ்ந்த கிண்ணங்கள். அடுத்தது இடி விழும் கோபுரம். அதற்கடுத்தது படுக்கையில் எழுந்து உட்கார்ந்து முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டு அழுகிற பெண். எனக்கு உள்ளூர ஒரே சந்தோஷம். அதை ஒளிக்க நான் முயன்றதாகக்கூட ஞாபகம் இல்லை.

வலது பக்கத்தில் சூரியன். அதில் வெள்ளைக் குதிரை மேல் குழந்தை. அடுத்தது நட்சத்திரத்துக்குக் கீழே நீர் வார்க்கும் பெண். கடைசியில் வானவில்லுக்குக் கீழே ஒரு குடும்பம், பக்கத்தில் கைகோத்து ஆடும் இரண்டு குழந்தைகள். எங்கள் வீட்டில் ஏது குழந்தைகள்? பூனாவில் அக்காவுக்கு இரண்டு பேரன் பேத்திகள் இருந்தார்கள். அதுகூட அப்போது எனக்கு உறைக்கவில்லை. சூரியனைப் பார்த்ததும் கிழக்கே ஜன்னல் வைத்த எங்கள் மாடி அறைதான் ஞாபகம் வந்தது.

ஊருக்கெல்லாம் மெத்தென்று சொல்கிற நான் அன்றைக்கு அக்காவிடம் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொன்னேன். "இடது பக்கம் வேண்டாம் அக்கா. அங்கே போனா உனக்கு நிம்மதி கெடையாது. ஒருத்தருக்கொருத்தர் பாரமாத்தான் ஆகும். வலது பக்கம் போ. யோசிக்கவே யோசிக்காதே." பின்னால் நிமிர்ந்து நிற்கும் இரண்டு கிண்ணங்களைப் பற்றி வாயே திறக்கவில்லை.

அக்கா சீட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நிச்சயமாத்தான் சொல்றயோ?" என்றாள்.

"நிச்சயமா."

"செரி" என்றாள். எழுந்து போய்ச் சாயா போட்டாள். கிளம்பும்போது வாசல் வரை வந்து, என் புடவைத் தலைப்பை இழுத்துச் சரி செய்துவிட்டாள். சின்ன வயசில் பள்ளிக்கூடம் அனுப்பும்போது செய்தது மாதிரி இருந்தது.

மறுநாள் காலையில் மாடி அறையைத் திறந்து ஒட்டடை அடித்தேன். திரைச்சீலைகளைத் துவைத்துப் போட்டேன். அவளாகச் சொல்லட்டும் என்று போனைப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். சாயங்காலம் போன் வந்தது. பூனாவுக்கு டிக்கெட் எடுக்கச் சொல்லிவிட்டாளாம், வீட்டையும் விற்றுவிடப் போகிறார்களாம். "நல்லது அக்கா" என்றேன். அவ்வளவு கெட்ட சீட்டுகளைப் பார்த்த பிறகும் என்னிடம் வர அவளுக்கு மனசில்லை என்று நினைத்து அழுதேன். வட்டத்துக்குப் போவதும் கொஞ்சம் கொஞ்சமாக நின்றது.

ஒரு வருஷம் போல ஆனது. வாராவாரம் போனில் பேசுவோம், சாப்பிட்டாயா, மழை உண்டா என்ற மட்டில். இந்த மழைக்காலத்தில் ஒரு நாள் காலை, ஏதோ பேச்சில் என் வருத்தம் வாய் தவறி வெளியே வந்துவிட்டது. கேலி மாதிரிதான் சொன்னேன். "நீ எங்கே என் பேச்சைக் கேட்டாய்? போகாதேன்னு சீட்டு அவ்வளவு பறஞ்சும் போனாய்."

"போகச் சொல்லித்தானே சொன்னாய்?" என்றாள் அக்கா. "வலது பக்கம் போன்னு."

"வலது பக்கம்னா..."

"பூனா. இடது பக்கம் மட்டாஞ்சேரி அல்லவோ? முதல்ல நம்ம வீடு, அப்புறம் பூனா. அப்படித்தான் வெச்சேன்."

அவள் அப்போதே தன் மனசில் முதலில் வைத்தது எங்கள் வீட்டைத்தான். நான்தான் அதன் மேல் விரலை வைத்து, நிம்மதி கிடையாது, பாரம் என்றெல்லாம் அடுக்கியிருக்கிறேன். "எனக்கு அது தெரியாது அக்கா. படிக்கிறவாளுக்குச் சொல்லக் கூடாதுன்னு விதி. சத்தியமா தெரியாது. போயும் போயும் அந்தச் சீட்டை நம்பியா நீ போனாய்?"

"சீட்டை யாருடீ நம்பினா?" என்றாள். "என் மனசுல இருக்கறது உனக்குத் தெரியாம இருக்குமோ? உனக்கு என்னை வெச்சுக்க இஷ்டமில்லை, மொகத்துக்கு நேரே பறய முடியாம சீட்டு மேல போட்டுச் சொல்றாய்னு நெனைச்சேன். பாவம், எத்தனை சங்கடப்படறாளோன்னுகூட தோணித்து. அதான் உடனே கெளம்பினேன்."

அழுகையை அடக்கிக்கொண்டு, ஒரு வருஷத்துக்கு முன்னால் அந்தச் சாப்பாட்டு மேஜையில் கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன். "இப்ப வந்துடறயா அக்கா? என்னோட?"

"கூப்பிடறயோ?"

"கூப்பிடறேன்."

"இதை அன்னிக்குச் சொல்லியிருந்தா அந்த ஆறு சீட்டையும் மேஜையிலேர்ந்து தட்டிவிட்டுட்டு உன் பின்னாடியே பஸ் ஏறியிருப்பேன்" என்றாள். பின்னால் ஒரு குழந்தை பாட்டி, பாட்டி என்று கத்திக்கொண்டிருந்தது. இனிமேல் இதுகளை விட்டுவிட்டு எங்கே வருவது என்றாள், அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போய்விட்டால் தன்னைத் தவிர ஆள் இல்லையாம். ஸ்கூல் வேன் ஹாரன் கேட்டது. சின்னவளுக்கு இன்னும் ஷூ போடவில்லை என்று போனை வைத்துவிட்டாள்.