செல்லம்மாவின் சீப்பு

கீழே விழுந்ததுலேர்ந்து என் வலது கை தோளுக்கு மேல எழும்பாது. பெரம்பலூர் பக்கத்துல இருக்கிற இந்த முதியோர் இல்லத்துல குளிக்க வைப்பாங்க, வேளைக்கு மாத்திரை குடுப்பாங்க. தலை வாரிவிட மட்டும் ஆயாம்மாக்களுக்கு நேரம் இருக்காது. அதைச் செஞ்சவ பக்கத்துக் கட்டில் செல்லம்மா, ஜெயங்கொண்டத்துக்காரி. தினமும் காலையில சிக்கெடுத்து, எண்ணெய் தடவி, கொண்டை போட்டு விடுவா.

"மவன் வந்து கூப்பிட்டாலும் உன்னை உட்டுட்டுப் போவ மாட்டேன்க்கா"ன்னு அவளாத்தான் சொன்னா. நான் கேக்கவே இல்லை.

ஒருநாள் நான் கண் காட்டப் போயிட்டு வந்து பாத்தா, அவ மெத்தை சுருட்டிக் கிடந்தது. செத்துட்டாளோன்னு பதறிட்டேன்.

"மவன் வந்து கூட்டிட்டுப் போயிட்டாருங்கம்மா"ன்னு நர்ஸ் சொன்னாங்க.

"எங்கிட்ட ஏதாவது சொல்லச் சொன்னாளா?"

"இல்லைங்கம்மா."

செத்திருந்தாக்கூட அப்படி அழுதிருக்க மாட்டேன்.

தலை சிக்குப் பிடிச்சு, பேன் வந்து, கடைசியில கிராப்பு வெட்டி விட்டுட்டாங்க.

பல மாசம் கழிச்சு செல்லம்மா திரும்பி வந்தா. பேரப்புள்ளையைப் பாத்துக்க ஆள் வேணும்னுதான் மவன் கூட்டிட்டுப் போயிருக்கான். புள்ளை நடக்க ஆரம்பிச்சதும் கொண்டாந்து விட்டுட்டான். அதே சீப்போட என்கிட்ட வந்தவ, என் தலையைப் பாத்து அப்படியே நின்னுட்டா.

அவளைப் பாத்தா பாவமாத்தான் இருந்தது. ஆனா எனக்கு ஆறலை.

இப்ப முடி காதை மூடுற அளவுக்கு வளந்துடுச்சு. நேத்து செல்லம்மா ஆசையா சீப்பை எடுத்துக்கிட்டு வந்து உக்காந்தா. அவ முன்னாலயே ஆயாம்மாவைக் கூப்பிட்டேன்.

"வெட்டி விட்டுடுங்க"ன்னேன்.