தூங்க மறுத்த லேப்டாப்

உத்திரமேரூர் பேருந்து நிலையத்தருகே லேப்டாப் பழுது பார்ப்பவரை எல்லோரும் பாய் என்பார்கள். நானும் பெயர் கேட்டதில்லை. நரைத்த தாடி, நெற்றிக்கு ஏற்றிய கண்ணாடி. லேப்டாப்பை மூடியதும் அடியில் உள்ளங்கையை வைத்துக் காத்திருப்பார். சூடு இறங்கினால் தூங்கிவிட்டது என்று பொருள்.

என்னுடையது ஒரு சாப்ட்வேர் அப்டேட்டுக்குப் பிறகு மூடினாலும் தூங்காமல் கொதித்தது. லேப்டாப் கம்பெனி மதர்போர்டையே மாற்றச் சொன்னது.

"போர்டு இன்னா பண்ணிச்சு? போன மாசம் நல்லாத்தான தூங்கிக்கினு இருந்துச்சு," என்றார் பாய்.

பழைய பதிப்புக்கும் புதியதற்கும் நடுவில் வந்த பதிப்புகளை ஒவ்வொன்றாகப் போட்டு, மூடி, கை வைத்துப் பார்த்தார். மூன்றாம் நாள் பிடித்துவிட்டார். பிராசஸரின் கணக்குப் போடும் பகுதிகளில் கனமான வேலைக்குப் பெரிய கோர்கள், லேசான வேலைக்குச் சின்ன கோர்கள். புதிய பதிப்பு பெரியவற்றை மட்டும் தூங்கவைத்தது.

"சின்னதை நிறுத்திட்டுக் குடுங்க பாய், போதும்," என்றேன்.

"பாதி மிஷின முடக்கிட்டு, சரியாய்டுச்சுன்னு சொல்லணுமா சார்? தப்பு அவுங்க எழுதுனதுல கீது."

பழைய பதிப்பைப் போட்டுக் கொடுத்துவிட்டு, அந்த சாப்ட்வேரை எழுதியவர்களுக்கு மெயில் அனுப்பினார். தங்கள் மெஷினில் அப்படி வரவில்லை என்றார்கள். மறுபடி அனுப்பினார். பிறகும் அனுப்பினார்.

மாதங்கள் கழித்து வந்த அப்டேட்டைப் போட்டு மூடினேன். என் கை தானாக அடியில் போனது. சூடு இறங்கியது. அப்டேட்டோடு வந்த குறிப்பில் 'சிறு திருத்தங்கள்' என்று மட்டும் இருந்தது. போனில் அவரிடம் படித்துக் காட்டினேன்.

"சிறு திருத்தமா? இருங்க சார், அதுக்கு ஒரு மெயில் போடணும்."